மீட்பர் என்பவர் முதலில் உறவினர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் ரூத்தின் புத்தகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மரித்த எலிமெலேக்கின் நிலத்தை அவன் மனைவி நகோமியிடமிருந்து அவனுடைய உறவினனான போவாஸ் மீட்டுக்கொண்டதை விளக்கிவிட்டு, "இவ்விதமே கிறிஸ்துவும் நம்மை மீட்டுக்கொண்டார்" என்ற வழக்கமான வாக்கியத்தோடு முடிக்கப் போனபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "போவாஸ் நகோமியிடம் கிரயம் கொடுத்து வாங்கினார், சரி ஐயா. இயேசு யாரிடம் கொடுத்தார்?" என்று கேட்டாள். பிசாசிடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிதாவிடம் என்று சொன்னால், அப்படியானால் பிதாதான் நம்மைப் பிடித்துவைத்திருந்தாரா என்ற அடுத்த கேள்வி காத்திருந்தது. "அது ஓர் உவமை, அதை அவ்வளவு தூரம் இழுக்கக்கூடாது" என்று சொல்லி ஜெபத்தோடு வகுப்பை முடித்துவிட்டேன். நான் பதில் சொல்லவில்லை, நழுவினேன் என்பது அவளுக்கும் புரிந்திருக்கும்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த ஆண்டு முழுவதும் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து, மீட்பைக் குறிக்கும் சொல் வரும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டுக்கொண்டே வந்தேன். ரோமருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில்தான் கோடுகள் நெருங்கி நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் பென்சில் அதிகம் தேய்ந்தது லேவியராகமத்தின் 25, 27ஆம் அதிகாரங்களில். அங்கே பேசப்படுவது ஆத்துமா அன்று. நிலம், வீடு, ஆடுமாடு, கடன்பட்டுத் தன்னையே விற்றுப்போட்ட ஒரு சகோதரன். நான் மறுமுனையிலிருந்து தொடங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. 'எவ்வளவு விலை, யாருக்கு' என்று கேட்பதற்கு முன்பே வேதாகமம் வேறொன்றைக் கேட்கிறது: 'இவனுக்கு உறவு யார்?'

தமிழ்ச் சொல்லே இதற்குப் பாதி வழி காட்டுகிறது. 'மீள்' என்பது தன்வினை. 'மீட்டல்' அதன் பிறவினை. மீள்வது திரும்பி வருவது என்றால், மீட்பது திரும்பி வரச்செய்வது. பிறருடைய பொருளை ஒருவர் விலைக்கு வாங்கலாம், ஆனால் அதை மீட்டேன் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே தமக்கு உரியதாயிருந்து கைவிட்டுப்போன ஒன்றைத்தான் மீட்க முடியும். எபிரெயத்தில் இதற்கு இரண்டு முக்கியமான வினைச்சொற்கள் உண்டு. 'பாதா' என்பது ஈடு கொடுத்து விடுவித்தல். அதை எவரும் செய்யலாம். 'காஅல்' என்பது குடும்பச் சொல். நெருங்கிய இரத்த உறவினன் ஒருவன் தன் உறவின் கடமையாகச் செய்யும் மீட்பை அது குறிக்கிறது. அந்தக் கடமையை உடையவன் 'கோயேல்'. இவற்றோடு, போகவேண்டிய உயிருக்கு ஈடாகக் கொடுக்கப்படும் தொகையைக் குறிக்கும் 'கோஃபெர்' என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்துகொள்கிறது. இரட்சிப்பு என்ற சொல்லை மீட்புக்கு மாற்றாக நாம் தாராளமாகப் புழங்கினாலும் இரண்டும் ஒன்றல்ல. வெள்ளத்தில் போகிறவனைக் கரைசேர்ப்பது இரட்சிப்பு. அவன் யாருடைய பிள்ளை என்று தெரிந்து வீட்டுக்கு அழைத்துவருவது மீட்பு.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைச் சட்டப் புத்தகம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக அதன் உள்ளே சிறிது நேரம் நிற்க விரும்புகிறேன். வறுமையினால் ஒருவன் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்றால், அவனுடைய இனத்தான் வந்து அதை மீட்கவேண்டும். மீட்க ஆள் இல்லாவிட்டாலும், பிற்பாடு அவனுக்கே வசதி வந்தால், விற்ற ஆண்டு முதல் கணக்கிட்டு மீதித் தொகையைக் கொடுத்துவிட்டுத் தன் காணியாட்சிக்குத் திரும்பலாம். இரண்டும் நடக்காவிட்டால், ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் நிலம் தானாகவே அவனிடம் வந்துவிடும். ஆகையால் அங்கே விற்கப்படுவது நிலமே அன்று, யூபிலி வரைக்குமான விளைச்சல்களின் எண்ணிக்கை மட்டுமே. யூபிலிக்கு ஆண்டுகள் குறையக் குறைய விலையும் குறையும். மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு மட்டும் ஓர் ஆண்டுக்குள் மீட்கவேண்டும் என்ற கெடு இருந்தது. இவ்வளவுக்கும் காரணம் ஒரே வசனத்தில் வருகிறது: நிலத்தை அறுதியாய் விற்கக்கூடாது, ஏனென்றால் தேசம் கர்த்தருடையது, மக்கள் அவரிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறார்கள்.

நிலத்தையும் இழந்து தன்னையே அந்நியனிடம் விற்றுப்போட்டவனுக்கு அதே அதிகாரம் மீட்கக்கூடியவர்களை வரிசையாகச் சொல்கிறது: அவனுடைய சகோதரரில் ஒருவன், தகப்பனுடைய சகோதரன், அந்தச் சகோதரனுடைய மகன், குடும்பத்தில் வேறு நெருங்கிய இனத்தான். பெயர் இல்லாத அந்த அடிமை, ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு, சிற்றப்பா வருவாரா, அவர் மகனாவது வருவானா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. மீட்பு என்பது அவனுக்கு ஒரு கோட்பாடு அன்று. தெருமுனையில் தெரியவேண்டிய ஒரு முகம்.

கோயேலுக்கு மற்றொரு கடமையும் இருந்தது. அது நமக்கு அவ்வளவு பிடித்தமானதன்று. உறவினன் கொலைசெய்யப்பட்டால் அந்த இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கவேண்டியவனும் அவனே. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒற்றைச் சொல் இடத்துக்கு இடம் வேறு உடை உடுத்துகிறது. ரூத்தின் புத்தகத்தில் அவன் 'சுதந்தரவாளி', எண்ணாகமத்தில் 'பழிவாங்குகிறவன்', யோபிலும் ஏசாயாவிலும் 'மீட்பர்'. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது, அந்தந்த இடத்துக்கு அந்தந்தச் சொல்தான் பொருந்தும். ஆனாலும் மூவரும் ஒருவரே என்பது தெரியாமல்போனதால், மீட்பு என்பது நமக்கு மென்மையான, ஆறுதலான ஒன்றாக மட்டுமே சுருங்கிவிட்டது. உறவுக்கு நேர்ந்த அநியாயத்தைக் கண்டும் காணாததுபோல் போகாதவனே மீட்பன் என்ற கூர்மை அதில் மழுங்கிவிட்டது.

சட்டத்தை இப்படிப் புரிந்துகொண்டு யாத்திராகமத்துக்குத் திரும்பினால் பழகிய கதையே வேறு விதமாகத் தெரிகிறது. 6ஆம் அதிகாரத்தில், ஓங்கிய கையினாலும் மகா தண்டனைகளினாலும் உங்களை மீட்பேன் என்று கர்த்தர் சொல்லும் இடத்தில் வருவது 'காஅல்', அதாவது உறவினனின் சொல். படைத்தவருக்கும் செங்கல் அறுக்கும் அடிமைகளுக்கும் என்ன உறவு? அதற்கு விடை இரண்டு அதிகாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது: இஸ்ரவேல் என்னுடைய குமாரன், என் சேஷ்டபுத்திரன் என்று பார்வோனிடம் சொல்லும்படி மோசேக்குக் கட்டளை தரப்படுகிறது. முதலில் உறவு அறிவிக்கப்படுகிறது, அதன் பின்னரே மீட்பு வருகிறது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பார்வோனுக்கு ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. எகிப்தின் தலைப்பிள்ளைகள் மடிந்த பஸ்கா இரவில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் இஸ்ரவேலரின் வீட்டு நிலைக்கால்களில் பூசப்பட்டது. அது எந்த விதத்திலும் பார்வோன் வாங்கிக்கொண்ட கிரயம் அன்று. வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

தப்பிய பின்பு, இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் எல்லாரும் கர்த்தருடையவர்கள் என்றும் அவர்களை மீட்டுக்கொள்ளவேண்டும் என்றும் கட்டளை வந்தது. கழுதையின் தலையீற்றுக்கு ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் கழுத்தை முறிக்கவேண்டும். எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. தலைப்பிள்ளைகளுக்கு ஈடாக, ஆராதனைப் பணிக்குரிய கோத்திரத்தாரான லேவியர் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். லேவியர் 22,000 பேர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் தலைப்பிள்ளைகள் 22,273 பேர். ஈடுசெய்ய ஆள் இல்லாமல் மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு 5 சேக்கல் வீதம் 1,365 சேக்கல் வாங்கி ஆரோனிடமும் அவன் குமாரரிடமும் கொடுக்கப்பட்டது. வாசிக்கச் சலிப்பூட்டும் பகுதி என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அந்த 273 என்ற எண்ணைப் பார்த்தால் நெஞ்சு சற்று நின்று போகிறது. தோராயமாக ஈடாகிவிட்டது என்று எவரும் கையை உதறிவிட்டுப் போகவில்லை. மிஞ்சிய ஒவ்வொரு பிள்ளையும் எண்ணப்பட்டிருக்கிறது.

இனி ரூத். பிரசங்கங்களில் போவாஸைப் பற்றி வேண்டிய அளவு கேட்டாயிற்று. மீட்பன் உறவினனாகவும், வசதியுள்ளவனாகவும், மனமுள்ளவனாகவும் இருக்கவேண்டும் என்ற மூன்று தகுதிகளையும் சபையில் வளர்ந்த பிள்ளைகள் உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். என் பென்சில் நின்றது மற்றவனிடத்தில். போவாஸைவிட நெருங்கிய இனத்தான் ஒருவன் இருந்தான். பெத்லகேமின் வாசலில் மூப்பரில் பத்துப் பேரை உட்காரவைத்துக்கொண்டு போவாஸ் நிலத்தைப் பற்றிச் சொன்னபோது, அவன் உடனே மீட்டுக்கொள்ளுகிறேன் என்றான். நிலத்தோடு, மரித்தவனுடைய பெயரை நிலைநிறுத்தும்படி மோவாபியப் பெண்ணாகிய ரூத்தையும் ஏற்கவேண்டும் என்று தெரிந்தவுடன் பின்வாங்கினான். தன் சுதந்தரம் கெட்டுப்போகும் என்பது அவன் சொன்ன காரணம். கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது தவறும் இல்லை. காசு போட்டு வாங்கும் நிலம், பிறக்கப்போகும் பிள்ளை வழியாக மரித்தவனுடைய வீட்டுக்கே போய்ச்சேரும். அவன் தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தன் சுதந்தரத்தைக் காத்துக்கொள்ள விரும்பிய அவனுடைய பெயரை அந்தப் புத்தகம் எழுதவே இல்லை. எபிரெயத்தில் அவனை அழைக்கும் சொல் ஏறத்தாழ 'இன்னான்' என்பதுதான். ரூத்தின் மரித்த கணவனான மக்லோனின் பெயரும், வேற்று இனத்துப் பெண்ணான ரூத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றிலும் ரூத் இருக்கிறாள்.

யோபின் புத்தகத்தில் வரும் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற வாக்கியத்தை அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்குச் சில வசனங்களுக்கு முன் இருப்பதை அங்கே யாரும் வாசிப்பதில்லை. தன் சகோதரர் தூரமாய்ப் போய்விட்டார்கள், இனத்தார் விலகிப்போனார்கள், நண்பர்கள் தன்னை மறந்துவிட்டார்கள், வீட்டு வேலைக்காரன்கூடக் கூப்பிட்டால் பதில் சொல்லுகிறதில்லை என்று யோபு ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறான். கோயேலாக நிற்கவேண்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போய்விட்ட அந்த இடத்தில்தான், என் கோயேல் உயிரோடிருக்கிறார் என்ற சொல் வெடித்து வருகிறது. உறவு எல்லாம் கைவிட்ட ஒருவன், தனக்கு இன்னும் ஓர் உறவு உண்டு என்று சாதிக்கிறான். முன்வசனங்களை விட்டுவிட்டு வாசித்தால் அது பக்தியான ஒரு வாக்கியம். சேர்த்து வாசித்தால் ஒரு வழக்காடல்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களைத் தேற்றும் ஏசாயாவின் பிற்பகுதியில் இந்தச் சொல் கர்த்தருக்கே பெயராகிவிடுகிறது. "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று அவர் பேசுகிறார். 52ஆம் அதிகாரத்தில், விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள் என்று கணக்குப் புத்தகத்தையே மூடிவைக்கிறார். கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்த பின் யூதர்கள் ஊர் திரும்பினார்கள். அப்போதும் பாபிலோனுக்கு எவரும் ஈட்டுத்தொகை கட்டவில்லை.

அப்படியானால் விலை என்பதே இல்லையா? இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. 49ஆம் சங்கீதம் இந்த இடத்தில் மிகக் கடுமையாகப் பேசுகிறது. எவ்வளவு செல்வம் இருந்தாலும் ஒருவன் தன் சகோதரனைச் சாவிலிருந்து மீட்க முடியாது, அந்த ஈடு எவர் கைக்கும் எட்டாதது என்கிறது. நிலத்தையும் வீட்டையும் அடிமைப்பட்டவனையும் மீட்கலாம். கல்லறையின் முன் எல்லாக் கோயேலும் கைவிரிக்கவேண்டியதுதான். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரத்தில், மனுஷன் தன் உயிருக்கு ஈடாக எதைக் கொடுப்பான் என்று இயேசு கேட்கும்போது அந்தச் சங்கீதத்தின் குரலே கேட்கிறது. விடை 10ஆம் அதிகாரத்தில் வருகிறது: மனுஷகுமாரன் அநேகரை மீட்கும் பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தார். 'லூட்ரோன்' என்ற கிரேக்கச் சொல் இங்கே நிற்கிறது. அடிமையையோ போரில் பிடிபட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகையைக் குறிக்கும் நடைமுறைச் சொல் அது. இதைச் சொல்லும் இடமும் கவனத்துக்குரியது. யாக்கோபும் யோவானும் மகிமையில் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் இடம் கேட்டதனால் மற்றப் பத்துப் பேரும் எரிச்சலடைந்திருக்க, பெரியவனாயிருக்க விரும்புகிறவன் ஊழியக்காரனாயிருக்கவேண்டும் என்று சொல்லிவரும் வாக்கியத்தின் கடைசி முனைதான் அது. தமது மரணத்தின் பொருளை அவர் ஒரு பதவிச் சண்டையின் நடுவே விளக்கினார்.

யாருக்கு என்ற கேள்வியை நம் மாணவிக்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்கள் கேட்டுத் திணறியிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இறையியலாளர் ஓரிகேன், அது பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்று எண்ணினார். நான்காம் நூற்றாண்டின் ஆயரான நீசாவின் கிரகோரியார் அந்த எண்ணத்தை இன்னும் நீட்டி, மாம்சம் என்ற இரைக்குள் தெய்வத்தன்மை என்ற தூண்டில் மறைந்திருந்தது, பிசாசு அதை விழுங்கி அகப்பட்டுக்கொண்டான் என்று எழுதினார். அவருடைய நண்பரான நாசியான்சுவின் கிரகோரியாருக்கு இது பொறுக்கவில்லை; கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு பெரிய கூலியா என்று கொதித்தார், பிதாவுக்கு என்றால் அவர் நம்மைச் சிறைபிடிக்கவில்லையே என்று அதையும் மறுத்தார். இதைப் பற்றிய தம் நூலை 1098இல் முடித்த கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம், பிசாசுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அந்தக் கணக்கை முற்றிலும் தீர்த்துவிட்டு, தேவனுடைய மகிமைக்கு மனிதன் செலுத்தவேண்டிய கடனை மனிதனாய் வந்த தேவனே செலுத்தினார் என்று வாதித்தார். இவர்கள் ஒவ்வொருவரிடமும் எனக்குக் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஆனால் என் மனம் சாய்வது நாசியான்சுவின் கிரகோரியார் பக்கம். விலை எவ்வளவு அருமையானது என்று புதிய ஏற்பாடு மறுபடி மறுபடி சொல்கிறது. அழிவுள்ள வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தத்தினால் மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதுகிறார். அதை வாங்கிக்கொண்டவர் யார் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. பிள்ளையைக் காக்கத் தீக்குள் பாய்ந்த தாய் தன் கைகளை இழந்தாள் என்றால், அவள் கொடுத்த விலை என்ன என்று கேட்கலாம். நெருப்பு அதை வாங்கி வைத்துக்கொண்டதா என்று எவரும் கேட்பதில்லை.

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாயிருக்க, அவரும் அவற்றை உடையவரானார். அவர்களைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை. மரணபயத்தினால் ஆயுள் முழுவதும் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுதலை செய்தார். அந்த நிருபம் கோயேல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் லேவியராகமத்தின் அடிமை வாசலில் பார்த்துக்கொண்டிருந்த முகம் இதுவல்லவா? மீட்பதற்கு உறவு வேண்டும் என்பதால் உறவாகவே வந்து பிறந்தார். கிறிஸ்துவின் பிறப்பைச் சிலுவைக்கு முன்னுரை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, மீட்பின் முதல் தவணை அங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது என்று தோன்றியது.

பவுல் எழுதிய காலத்தில், கிரேக்க நாட்டு டெல்பியின் அப்பல்லோ கோயில் வளாகத்துச் சுவர்களில் அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் வெட்டப்பட்டிருந்தன. அடிமை தன் விலையைத் தானே சேர்த்து வைத்துக் கொடுக்க, அவனைத் தெய்வத்துக்கு விற்பதுபோல ஒரு சடங்கு நடக்கும்; அதன் பின்பும் பழைய எசமானிடமே பல ஆண்டுகள் ஊழியம் செய்யவேண்டும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. பவுல் அதை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எனினும் கொரிந்தியருக்கு அவர் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள். இங்கே அடிமை சேர்த்து வைத்த காசு எதுவும் இல்லை, பழைய எசமானிடம் திரும்பவேண்டிய நிபந்தனையும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லாமல் போக முடியவில்லை. மீட்பு என்றால் பாவமன்னிப்பு, பாவமன்னிப்பு என்றால் பரலோகத்துக்கு வழி, அதோடு முடிந்தது என்று பல ஆண்டுகள் நானும் பேசியிருக்கிறேன். பாவமன்னிப்பே மீட்பு என்று எபேசியருக்கு எழுதிய நிருபமும் சொல்கிறது, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் நிலத்தையும் அடிமைத்தனத்தையும் அதிலிருந்து உருவி எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு வேதாகமத் தொகுப்பு அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான வரலாறும் நீக்கப்பட்டிருந்தது. வேலைக்காரர் எசமான்களுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற வசனங்கள் இருந்தன. கத்தரித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது. யூபிலியின் எக்காளம் ஊதப்பட்டது ஏழாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது பாவநிவிர்த்தி நாளில். பாவம் நீங்கும் நாளும் நிலம் திரும்பும் நாளும் ஒன்றே. நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையையும் கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும் வாசித்தார். ஏசாயா 61இல் அந்த விடுதலைக்கு எபிரெயத்தில் இருக்கும் சொல்லே லேவியராகமம் 25இல் யூபிலி ஆண்டின் விடுதலைக்கும் நிற்கிறது.

மறுபக்கத்தில் ஓர் உண்மையும் என்னை உறுத்துகிறது. மீட்பு நடந்தேறிவிட்டது என்றால் நாம் ஏன் இன்னும் பிள்ளைகளைப் புதைக்கிறோம்? எம்மாவு வழியில் நடந்த இரு சீஷர்களும், இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று நம்பியிருந்தோம் என்று முடிந்த காலத்தில்தான் பேசினார்கள், அதுவும் உயிர்த்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரம் இதை ஒளிக்கவில்லை: சர்வசிருஷ்டியும் பிரசவ வேதனைப்படுகிறது, நாமும் நம்முடைய சரீர மீட்பு வருகிறதற்குக் காத்துத் தவிக்கிறோம். அதே பவுல் கையிலிருக்கும் மீட்பையும் வரவேண்டிய மீட்பையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்.

இதற்காகத்தான் எரேமியாவைக் கடைசிக்கு வைத்தேன். கி.மு. 587 வாக்கில், பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தான். அவனுடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்கு உண்டு என்றான். எதிரியின் பாளயத்துக்குள் போய்விட்ட நிலம். ஊர் விழப்போகிறது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவனும் எரேமியாவே. அவன் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தான். பத்திரத்தில் கையெழுத்திட்டான், சாட்சிகளை வைத்து முத்திரை போட்டான். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்திருக்கும் பிரதியையும் தன் எழுத்தனான பாரூக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி அவற்றை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். எபேசியருக்கு எழுதிய நிருபம் பரிசுத்த ஆவியானவரை முத்திரை என்றும், மீட்பு நாள் வரைக்குமான அச்சாரம் என்றும் சொல்லும் இடத்தில், என் வேதாகமத்தின் ஓரத்தில் 'எரே. 32' என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். எரேமியாவை அவன் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனதோத்தின் அந்த நிலத்தில் அவன் கால் வைத்ததாக எங்கும் எழுதப்படவில்லை. பாண்டத்தைத் திறந்ததாகவும் இல்லை.